டச்சிங்ஸ் இலவசம்

போன மாதம் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ள கேட்டரிங் கல்லூரியில் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே ‘துபாயில் பானத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்’ என்று போட்டிருந்தது. என் மனைவி அதை இரண்டு தடவை படித்துவிட்டு, “பானத்துறையா? இது எந்தப் பக்கம் இருக்க துறைமுகம்?” என்று கேட்டாள். தூத்துக்குடிக்காரியிடம் துறை என்று சொன்னால் அப்படித்தான் கேட்பாள். நான் பார்மேன் வேலை பார்த்தேன் என்பதை ‘ஹோட்டல் லைன்’ என்று சொல்லியே ஊரில் காலத்தை ஓட்டியவள் அவள். கோயிலில் ஃபாதர் விசாரித்தபோது ‘ஜூஸ் செக்‌ஷன்’ என்று சொல்லியிருக்கிறாள். பீரும் பார்லி ஜூஸ்தானே, பொய் என்று சொல்ல முடியாது.

கூட்டத்தில் ஒரு மாணவி எழுந்து, “சார், உங்க கேரியர்ல நீங்க ஃபேஸ் பண்ண பெரிய சேலஞ்ச் என்ன சார்?” என்றாள்.

“இங்கிலீஷ்” என்றேன்.

எல்லோரும் தன்னடக்கம் என்று நினைத்துக் கைதட்டினார்கள். முன்வரிசையில் கல்லூரி முதல்வர் அம்மா உட்கார்ந்திருந்ததால் விளக்கம் சொல்ல முடியவில்லை. இங்கே யாரும் முன்வரிசையில் இல்லை. சொல்லிவிடுகிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. பம்பாயில் தட்டுக் கழுவினேன், பிறகு தட்டுத் தூக்கினேன், தட்டுகள் உடைந்த வேகத்தைப் பார்த்து கிளாஸ் பக்கம் மாற்றிவிட்டார்கள். அங்கிருந்து விசா கிடைத்து துபாய்க்கு வந்தேன். பர்துபாயில் ஒரு பழைய இரண்டு நட்சத்திர ஹோட்டல். அதன் தரைத்தளத்தில், பின்பக்கச் சந்துக்குத் திறக்கிற கதவோடு, ‘தி காப்பர் கெட்டில்’ என்று ஒரு பப். பெயர் மட்டும்தான் லண்டன். உள்ளே போனால் சிவப்புக் கார்ப்பெட், அம்பு எறிகிற பலகை, ஒலியை அடைத்துவைத்த டிவியில் கிரிக்கெட், அப்புறம் நம் ஆட்கள். நம் ஆட்கள் அதைச் ‘செம்பு’ என்பார்கள். “எங்கல போற?” “செம்புக்கு.” ஊரிலிருந்து போனில் பேசும் மனைவிகளுக்கு அது ஏதோ தண்ணீர் பிடிக்கிற இடம்போலக் கேட்கும். அதுவும் பொய்யில்லை.

மேனேஜர் மங்களூர்க்காரர், மிஸ்டர் பிந்தோ. குரலை உயர்த்தவே மாட்டார். கோபம் வந்தால் ‘மை டியர்’ சேர்ப்பார். “ராயப்பன்” என்றால் வேலை இருக்கிறது. “மை டியர் ராயப்பன்” என்றால் எனக்கு ஆபத்து இருக்கிறது. கிளாஸ் சுத்தமா என்று அவர் பார்க்கிற விதம் ஒன்று உண்டு. கழுவிய கிளாஸின் உள்பக்கத்தை நனைத்து, ஒரு சிட்டிகை உப்பைத் தூவுவார். சுத்தமான கிளாஸில் உப்பு எல்லாப் பக்கமும் ஒட்டும். எண்ணெய்ப் பிசுக்கு எங்கே இருக்கிறதோ அங்கே ஒட்டாது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மச்சம் பார்க்கிறவரைப்போலப் பார்ப்பார். நான் கழுவிய முதல் கிளாஸில் என் ஐந்து விரல் ரேகையும் தெரிந்தது. “மை டியர் ராயப்பன், இதை வைத்து உனக்குப் பாஸ்போர்ட்டே எடுக்கலாம்” என்றார்.

பீர் ஊற்றவும் அவர்தான் கற்றுக் கொடுத்தார். கிளாஸைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். குழாயை முழுசாகத் திறக்க வேண்டும். சிக்கனம் என்று நினைத்துப் பாதி திறந்தால் கிளாஸ் முழுக்க நுரைதான் வரும். முக்கால் நிறைந்ததும் கிளாஸை நிமிர்த்தினால் மேலே இரண்டு விரல் நுரை நிற்கும். யாருடைய விரல் என்று நான் கேட்டேன். தன் விரலைக் காட்டினார். குச்சி விரல். என் தடி விரல் கணக்கில் நுரை ஊற்றியிருந்தால் ஹோட்டல் இன்னும் நாலு நட்சத்திரம் வாங்கியிருக்கும்.

அளவு தாண்டியவனை அனுப்புவதற்கும் அவரிடம் ஒரு முறை இருந்தது. ‘போதும்’ என்று சொல்லக் கூடாது. போதும் என்று கேட்டால்தான் போதாது என்று தோன்றுமாம். ஒரு கிளாஸ் தண்ணீரை வைத்து, மேசையைத் துடைத்துக்கொண்டே, “ரோலாவுக்கு அடுத்த பஸ் எப்ப?” என்று கேட்க வேண்டும். நம் ஆட்களில் பாதிப் பேர் வாடகை குறைவு என்று ஷார்ஜாவில் ரோலா பக்கம் ரூம் எடுத்திருப்பார்கள். ஷார்ஜாவில் ஒரு சொட்டுக் கிடைக்காது. பஸ் என்ற சொல் காதில் விழுந்ததும் எப்பேர்ப்பட்டவனும் பாக்கெட்டைத் தடவிக்கொண்டு எழுந்துவிடுவான்.

அந்த ரோலாக் கூட்டத்தில் ஆறு பேர், வெள்ளிக்கிழமை சாயங்காலம் தவறாமல் வந்து சுவரோரம் இருந்த நீள மேசையைப் பிடித்துக்கொள்வார்கள். தலைவன் செல்லத்துரை, ஏசிக் காற்றுக் குழாய், அதாவது டக்ட் போடுகிறவன், கோவில்பட்டிப் பக்கம். அவனுக்கு வலது கை பால்ராஜ், வெல்டர். மற்ற நால்வரும் இவர்கள் சொல்வதற்குச் சிரிப்பதற்காக வந்தவர்கள். வாரம் முழுக்க மொட்டை வெயிலில் சைட்டில் கிடந்துவிட்டு, ஒரு நாள் சட்டையை இன் பண்ணி, சென்ட் அடித்து, காலை நீட்டி உட்கார்ந்து ஒருத்தனை ஒருத்தன் கேலி செய்ய அவர்களுக்கு இருந்தது அந்த மேசை ஒன்றுதான். ரூமில் கட்டிலுக்கு மேல் கட்டில். அங்கே காலை நீட்டினால் அடுத்தவன் தலை இடிக்கும்.

பீரோடு கொறிக்க அவர்களுக்கு டச்சிங்ஸ் என் கையால். கறுப்புக் கொண்டைக்கடலையை முதல் நாளே ஊறப் போட்டு, ஸ்டாஃப் கிச்சனில் வேக வைத்து, கடுகு, மிளகாய் வற்றல், கறிவேப்பிலை தாளித்து, கராமா மார்க்கெட்டில் வாங்கிய மாங்காயைப் பொடியாக நறுக்கிப் போட்டு, மேலே தேங்காய்ப்பூ. பிந்தோ அதற்குக் காசு வாங்கவிடவில்லை. உப்பும் காரமும் உள்ளே போனால் பீர் தானாக உள்ளே போகும் என்பது அவர் கணக்கு.

இப்படியே போயிருந்தால் நான் கல்லூரியில் பேச விஷயமே இருந்திருக்காது. துபாய் முழுக்க கிரேன் முளைத்த வருஷங்கள் வந்தன. எங்கள் சந்திலும் பழைய கட்டடங்களுக்கு ஒவ்வொன்றாகக் கண்ணாடி மாட்டினார்கள். வாடகை ஏறியது. தையல் கடை போய் காப்பிக் கடை வந்தது. அங்கே காப்பியின் பெயரை வாசித்து முடிப்பதற்குள் காப்பி ஆறிவிடும். ஹோட்டலைப் புதிய கம்பெனி எடுத்தது. பிந்தோ மங்களூருக்குப் போனார். அவர் நாற்காலியில் மிஸ்டர் ஜூலியன் வந்து உட்கார்ந்தார்.

ஜூலியன் வெள்ளைக்காரர். கூர்மூக்கு ஷூ, சாக்ஸ் கிடையாது. நல்ல மனிதர், அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனால் எதைப் பார்த்தாலும் “இதன் கதை என்ன?” என்று கேட்பார். நாற்காலிக்குக் கதை வேண்டும், கரண்டிக்குக் கதை வேண்டும். ஆலிவ் காய் பாட்டிலைக் காட்டி, “இதன் கதை என்ன, ராயப்பன்?” என்றார். “எக்ஸ்பயரி ஆகிவிட்டது சார்” என்றேன். அவர் எதிர்பார்த்த கதை அது இல்லை.

மூன்று மாதம் மூடி வைத்துப் புதுப்பித்தார்கள். ‘தி’யும் ‘கெட்டிலும்’ போய் வெறும் ‘காப்பர்’ ஆனது. பெயரில் குறைத்ததை விலையில் சேர்த்துவிட்டார்கள். முன்பு இரண்டு பைன்ட், அதாவது இரண்டு பெரிய கிளாஸ் பீர் குடித்த காசுக்கு இப்போது ஒன்று. கார்ப்பெட்டைப் பிடுங்கிச் சிமென்ட் தரையாக்கினார்கள். சீலிங்கைப் பிரித்து ஏசிக் குழாயெல்லாம் தெரிகிற மாதிரி அப்படியே விட்டார்கள். வேலை முடியவில்லை என்று நினைத்து நான் கான்ட்ராக்டரை நாலு வார்த்தை கேட்டுவிட்டேன். அதுதான் டிசைனாம். எனக்குத் தோலில் ஒரு ஏப்ரன் கொடுத்தார்கள், முழங்காலுக்குக் கீழே தொங்கியது. பார் மேடையையும் உயர்த்திவிட்டார்கள். நான் உள்ளே நின்றால் வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தலை மட்டும் தெரியும், தாம்பாளத்தில் வைத்ததுபோல.

திறந்த முதல் வெள்ளிக்கிழமை ஆறு பேரும் வந்தார்கள். செல்லத்துரை வாசலிலேயே நின்று மேலே பார்த்தான்.

“அண்ணாச்சி, என்னது இது? டக்ட்டை மூடாம விட்டுட்டானுவ?”

“டிசைனாம்ல.”

“நாங்க இத மறைக்கதுக்குச் சம்பளம் வாங்குதோம், இவன் காட்டுததுக்குச் செலவழிக்கானா? இன்சுலேஷனும் சரியாச் சுத்தல. ஒரு நா சொட்டும் பாருங்க.”

பால்ராஜ் என்னை மேலும் கீழும் பார்த்தான். “டக்ட் கெடக்கு. என் வெல்டிங் ஏப்ரன் எப்படி அண்ணாச்சி ஒங்க இடுப்புக்கு வந்துச்சு?”

பிறகு மெனுவைப் பார்த்தார்கள். சிரிப்பு நின்றது. ஆளுக்கு ஒரு பைன்ட் குடித்தார்கள், மருந்து குடிக்கிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக. அதன் பிறகு வரவில்லை. அவர்களைப் போன்றவர்கள் யாருமே வரவில்லை. புது வாடிக்கையாளர்கள் வந்தார்கள், ஆனால் எட்டு மணிக்கு மேல்தான். ஐந்திலிருந்து எட்டு வரை நானும் ஆலிவ் காயும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்போம்.

அந்த நேரம் என் ட்யூட்டி. ஜூலியன் என்னைக் கூப்பிட்டு, கதை எதுவும் கேட்காமல் நேராகவே சொன்னார். சாயங்கால நேரம் இந்த மாதக் கடைசிக்குள் நிரம்ப வேண்டும். இல்லாவிட்டால் கடையை எட்டு மணிக்குத்தான் திறப்பார்கள், சாயங்கால பார்மேன் தேவைப்படாது. அதாவது கேன்சல். கல்ஃபில் இருந்தவர்களுக்கு அந்தச் சொல்லின் எடை தெரியும். வேலை போவது மட்டுமில்லை, விசா போகும், ரூம் போகும், ஆளே ஊருக்குப் பார்சல். எனக்கோ மகள் கல்லூரியில் சேர்ந்திருந்த நேரம். இந்த வயதில் வேறு பாரில் போய் நின்றால், பிந்தோவின் உப்புச் சோதனையை வேலைக்குத் தகுதி என்று யார் ஒத்துக்கொள்வார்கள்?

செல்லத்துரைக்குப் போன் போட்டேன். “ஏல, என்ன செஞ்சா வருவிய?”

“வெலயக் கொறைங்க.”

“அது என் கையில இல்லல.”

“அப்ப டச்சிங்ஸையாவது ஓசில குடுங்க. பழைய மாதிரி, கேக்கக் கேக்க. ஒரு பைன்டை வச்சு ரெண்டு மணி நேரம் ஒப்பேத்திருவோம்.”

ஜூலியனிடம் சென்று, பீருடன் கொறிக்க ஏதாவது இலவசமாகக் கொடுக்கலாமா என்று கேட்டேன். அவர் உற்சாகமாகிவிட்டார். ‘ஹாப்பி அவர்’ என்று அந்த நேரத்துக்கு விலையிலும் கொஞ்சம் குறைப்பதாகச் சொன்னார். “வாசலில் கரும்பலகை வை. நீயே எழுது. கம்பெனி பாஷை வேண்டாம், உன் சொந்தச் சொல்லில் எழுது. யார் கையால் செய்தது என்று மக்களுக்குத் தெரிய வேண்டும். உன் பெயரைப் போடு” என்றார்.

இந்த இடத்தை நன்றாகக் கவனிக்க வேண்டும். என் சொந்தச் சொல்லில் எழுது என்றது அவர். பெயரைப் போடு என்றதும் அவர்.

வழக்கமாகப் பலகை எழுதும் பிலிப்பைன்ஸ் பெண்ணுக்கு அன்றைக்கு லீவு. நானே சாக்பீஸை எடுத்தேன். குடிக்கும்போது கொறிப்பதற்கு ஆங்கிலத்தில் எனக்கு ஒரே சொல்தான் தெரியும். ஊரிலும் கேட்டிருக்கிறேன், பம்பாயில் நம் ஆட்களிடமும் கேட்டிருக்கிறேன், செம்பில் தினமும் கேட்டேன். அது வெள்ளைக்காரனுக்குத் தெரியாத ஆங்கிலம் என்று அதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. பெரிய எழுத்தில், கோணாமல் எழுதினேன்:

ஹாப்பி அவர்.
ஃப்ரீ டச்சிங்ஸ்.
அன்லிமிடெட்.
பை ராயப்பன்.

அதாவது, தொடுதல் இலவசம், எல்லையில்லாமல், தொடுபவர் ராயப்பன்.

பலகையைச் சந்து முனையில் நிறுத்திவிட்டு, பக்கத்திலேயே தோல் ஏப்ரனோடு நின்றேன். முதலில் இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் வந்தார்கள். படித்தார்கள். மறுபடியும் படித்தார்கள். “யார் ராயப்பன்?” என்று ஒருத்தி கேட்டாள்.

கையைத் தூக்கினேன். “நான்தான், மேடம். சூடாக இருக்கிறது. உள்ளே வாருங்கள், ஐந்தே நிமிஷம்.”

அவர்கள் போன வேகத்தைப் பார்த்து, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்து ஆறரை அடி உயரத்தில் ஒரு இன்ஜினியர் வந்தார். பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் பலகையைப் பார்த்தார்.

“அன்லிமிடெட்?”

“ஆமாம் சார். தேங்காய் போட்டு.”

அவர் வாயைப் பொத்திக்கொண்டு போனைத் தூக்கிப் பலகையைப் படம் எடுத்தார். பிறகு என்னையும் பலகைக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லி எடுத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை, ஏப்ரனை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றேன். விளம்பரம் வேலை செய்கிறது என்று நினைத்தேன். வேலை செய்தது. கால் மணி நேரத்தில் ரிசப்ஷனுக்கு இரண்டு புகார். ஜூலியன் ஓடி வந்தார், முகம் தக்காளி. பலகையை அவரே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, “ஆபீஸுக்கு வா” என்றார். பின்னாலேயே செக்யூரிட்டியும் வந்து கதவருகே நின்றான். ஜூலியன் போனில் யாரிடமோ என் ஃபைலை எடுக்கச் சொன்னார். ‘கேன்சலேஷன்’ என்ற சொல் தெளிவாகக் கேட்டது.

“இதை நீ இதற்கு முன்னால் செய்திருக்கிறாயா?”

“வருஷக்கணக்காகச் செய்கிறேன் சார். பழைய கெட்டிலில் தினமும்.”

“தினமுமா! விருந்தினர்கள் சம்மதத்தோடா?”

“அவர்களேதான் சார் கேட்பார்கள். சிலர் இரண்டாவது தடவையும் கேட்பார்கள்.”

“எல்லோருக்கும் முன்னாலா?”

“மேசைக்கே போய்க் கொடுப்பேன் சார். கூட்டமாக இருந்தால் அவர்களே உள்ளே வந்து எடுத்துக்கொள்வார்கள்.”

ஜூலியன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “மிஸ்டர் பிந்தோவுக்கு இது தெரியுமா?”

“தெரியுமாவா? அவருக்கு ரொம்பப் பிடிக்கும் சார். நாங்கள் எல்லாம் கையால். அவருக்கு மட்டும் ஸ்பூன்.”

ஜூலியன் என்னையே பார்த்தார். செக்யூரிட்டி நேபாளத்துப் பையன், கூரையைப் பார்த்தான்.

“ஸ்பூனா?” என்றார் ஜூலியன், மிக மெதுவாக.

“மாங்காய்த் துண்டு கையில் வழுக்கும் சார்.”

செக்யூரிட்டியை அனுப்பி, பாரில் தயாராக இருந்த கிண்ணத்தை எடுத்துவரச் சொன்னேன். மேசையில் என் ஃபைலுக்குப் பக்கத்தில் சுண்டல் வந்து உட்கார்ந்தது. “இதுதான் சார் டச்சிங்ஸ்.” ஜூலியன் கிண்ணத்தைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். பிறகு மேசையில் தலையைக் கவிழ்த்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்து தண்ணீரை நகர்த்தி வைத்தேன். நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர்தான், ஆனால் சிரிப்புத் தண்ணீர். ஒரு வாய் போட்டார். இன்னொரு வாய். கிண்ணத்தை இழுத்து வைத்துக்கொண்டார். “ராயப்பன், இதன் கதை என்ன?” என்றார். ஃபைலை மூடிவிட்டார். எனக்கு அது போதும்.

இன்ஜினியர் எடுத்த படம் ஈமெயிலில் ஊர் சுற்றியிருக்கிறது. ஜூலியன் பலகையை மறுபடியும் வாசலிலேயே வைக்கச் சொன்னார். அடுத்த வாரமே அதைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள், என்னோடு படம் எடுத்தார்கள், உள்ளே வந்து சாப்பிட்டார்கள். ஐந்து மணிக்கு நாற்காலி நிறைந்தது. என் ஆறு பேரும் வந்து பழைய இடத்தை ஒட்டியே உட்கார்ந்து, ஒரு பைன்ட்டுக்கு நாலு கிண்ணம் என்ற விகிதத்தில் ஒப்பேற்றினார்கள். மாதக் கடைசியில் ஜூலியன் என் முதுகில் தட்டினார். கேன்சல் இல்லை. மகளுக்குப் போன் போட்டு, புத்தகம் வேண்டுமானால் வாங்கிக்கொள் என்றேன்.

அதற்கடுத்த மாதம் மெனு அச்சடித்து வந்தது. அதில் ‘ராயப்பன்ஸ் டச்சிங்ஸ்’ என்று ஒரு வரி. கல் தட்டில், மேலே ஏதோ செடியின் இலை ஒன்று நிறுத்தி வைத்து. ‘ஃப்ரீ’ என்ற சொல் எங்கேயும் இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு விலை இருந்தது, ஏறக்குறைய பழைய செம்பின் ஒரு பைன்ட் விலை.

அந்த வெள்ளிக்கிழமை செல்லத்துரை மெனுவை விரலால் தடவிப் படித்தான்.

“அண்ணாச்சி, இதுல ஒங்க பேருக்கு எவ்வளவு, கடலைக்கு எவ்வளவு?”

“நான் போடலல, அவனுவ போட்டது.”

“ஒங்களச் சொல்லுவமா? ஒங்க வேல நின்னுச்சே, அது போதும்” என்றான் பால்ராஜ். “ஆனா இந்த எலைய எதுக்கு நட்டு வச்சிருக்கானுவ? வளந்தா வெல கூடுமோ?”

ஆறு பேருமாக ஒரே ஒரு தட்டு வாங்கினார்கள். நடுவில் வைத்து, ஆளுக்கு ஒரு கடலையாக, சீட்டு விளையாடுகிற முறையில் சுற்றுக் கணக்குப் போட்டு எடுத்தார்கள். இரண்டு கடலை எடுத்தவனை மற்றவர்கள் கையைப் பிடித்து நிறுத்தினார்கள். ஒரே சிரிப்பு. முடிந்ததும் செல்லத்துரை எழுந்து, தட்டுக்கு அடியில் ஒரு நோட்டை மடித்து வைத்தான்.

“ஏல, எனக்கே டிப்ஸா?”

“இருக்கட்டும் அண்ணாச்சி. இந்த மாதிரி எடத்துல வைக்காமப் போனா, ஒங்க ஆளுகன்னு ஒங்களுக்குல்லா கேவலம்?” பிறகு சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, “இனிமே தேராவுல ஒரு எடம் பாத்திருக்கோம். கார்ப்பெட்டு இருக்கு. லீவு கெடச்சா வாங்க” என்றான்.

ஆறு பேரும் வரிசையாகக் கதவைத் தாண்டிப் போவதை நான் மேடைக்கு மேலே தலையை எக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜூலியனும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். பக்கத்தில் வந்து கல் தட்டைக் காட்டினார்.

“அவர்களுக்குப் பிடிக்கவில்லையா? ஒன்றுதானே வாங்கினார்கள்?”

“ரொம்பப் பிடித்தது சார். அதனால்தான் ஒரு தட்டை ஆறு பேர் சாப்பிட்டார்கள்.”

ஜூலியனின் கண் விரிந்தது. நான் சொன்னது அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். அடுத்த மெனுவில் ‘ஷேரிங் பிளேட்’ என்று புதிதாக ஒரு வரி வந்தது. அதே கடலை, கொஞ்சம் பெரிய கல், சுற்றி ஆறு சின்ன ஸ்பூன். விலை மூன்று மடங்கு. யோசனை ராயப்பனுடையது என்று ஜூலியன் வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னார். அந்த வருஷம் எனக்குச் சம்பளம்கூட ஏற்றினார்கள்.